தென்னந்தோப்புக்கு மேலே பறந்த தட்டு

"சாப்பாட்டுத் தட்டு அகலம்தான் இருக்குமுங்க சார். சுத்தியும் பச்சை வெளிச்சம்" என்று தென்னந்தோப்பின் உச்சியைக் கைகாட்டினார் சென்னிமலை.

"இல்லீங்க, இட்லிக்குண்டா மாதிரி இருந்துச்சு. வெளிச்சம் செவப்பு" என்றாள் அவர் மனைவி மாசாணியம்மாள். மிலிட்டரிக்காரர் விசாரிக்க வருகிறார் என்பதற்காகவோ என்னவோ, பட்டுச்சேலை கட்டித் தலைநிறையப் பூ வைத்திருந்தாள்.

ஃப்ளைட் லெஃப்டினன்ட் அருள்குமாருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சூலூர் விமானப்படைத் தளத்தைச் சுற்றி வானத்தில் என்னமோ பறந்தது என்று யார் சொன்னாலும் நேரில் போய் விசாரிப்பது அவன் பொறுப்பு. வேற்றுக்கிரகத்துக்காரனே வந்தாலும் தன் மகனிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று அவன் அம்மா பழனியாத்தாள் கல்யாண வீடு, எழவு வீடு என்று பார்க்காமல் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெருமை இன்றைக்கு அவன் கழுத்தைப் பிடித்தது. இன்று காரமடையில் லோகப்பிரியாவைப் பெண் பார்க்கும் நாள். ஏற்கெனவே இரண்டு முறை கடைசி நேரத்தில் டியூட்டி வந்து போக முடியவில்லை. இந்த முறையும் மாப்பிள்ளை வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகப் பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வேறு, நாலரைக்கு ராகுகாலம். அதற்கு முன்னால் அங்கே போய் இறங்கியாக வேண்டும்.

போட்டோவில் அந்தப் பெண் சிரித்த சிரிப்பை இன்னொருத்தனுக்கு விட்டுக்கொடுக்க அவனுக்குத் துளியும் மனசில்லை. சட்டென்று விசாரித்துவிட்டு அப்படியே கிளம்பிவிடலாம் என்று புதுச் சட்டையைக் காரில் மாட்டிக்கொண்டு வந்திருந்தான்.

தட்டு எந்தத் திசையில் போனது என்று கேட்டான். கணவர் கிழக்கு என்றார், மனைவி மேற்கு என்றாள். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிப் பார்த்தால்தான் விளங்கும் என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

விதியே என்று இரும்பு ஏணியில் ஏறினான். மேலே தென்னை மட்டைகளும் ஒரு காக்கையும்தான் இருந்தன. வடமேற்கே நீலமலை மங்கலாகத் தெரிந்தது. அதற்கு இந்தப் பக்கம்தான் காரமடை என்று நினைத்ததும் மளமளவென்று இறங்கினான்.

இறங்கி வந்தவனைச் சென்னிமலை மேலும் கீழும் பார்த்தார். "அத்தனை ஒசரம் ஏறியும் மூச்சு வாங்கலீங்களே" என்றார். வெயிலுக்கு ஜில்லென்று ஒரு பீர் சாப்பிடலாமா என்றும் கேட்டார்.

டியூட்டியில் இருக்கிறேன் என்றான் அருள்குமார். டியூட்டி இல்லாதபோது என்று இழுத்தார் அவர். எப்போதுமே பழக்கமில்லை என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான்.

வாக்குமூலத்தை எழுதி முடித்துக் கையெழுத்துக் கேட்டபோது, வந்தது ஒரு தட்டு இல்லை, மூன்று என்று நிதானமாகச் சொன்னார் சென்னிமலை. வேறு யாராக இருந்தாலும் பேனாவை வீசியிருப்பார்கள். அருள்குமார் பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவாயில்லீங்க, மொதல்ல இருந்தே சொல்லுங்க" என்று வேறு தாள் எடுத்தான்.

தன் வாக்குமூலம் வேண்டுமென்றால் முதலில் அவன் சாப்பிட வேண்டும் என்று அடம்பிடித்தாள் மாசாணியம்மாள். நெய் மிதந்த அரிசியும் பருப்பும் சாதத்தை அள்ளிப்போட்டுக்கொண்டு, தட்டைத் தானே குழாயடிக்கு எடுத்துப்போய்க் கழுவி வைத்தான். அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் லேசாகத் தலையாட்டினார். அடுத்த புளுகுக்கு ஜாடை பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

அம்மா போனில் கூப்பிட்டாள். "எங்க கண்ணு இருக்கறே? இன்னிக்கும் நீ வரலீனா அந்தப் புள்ளையை மறந்துர வேண்டீதுதான்" என்றாள். எப்படியாவது வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

அதைக் கேட்டும் கேட்காதது போலச் சென்னிமலை கடைசியாக ஒரு யோசனை சொன்னார். பறக்கும் தட்டு வந்தது நிஜம்தான் என்று ரெண்டு வரி எழுதிக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். டிவிக்காரர்கள் வருவார்கள், ஊருக்கும் பேர். சாரும் நேரத்துக்குக் கிளம்பலாம்.

அருள்குமார் ஒரு நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு தாள்களை மடித்து வைத்தான்.

"நீங்க பொய் சொன்னீங்கன்னு எழுத மாட்டனுங்க. ஆனா வராததை வந்துச்சுன்னும் எழுத மாட்டனுங்க. மேல ஒண்ணுமே இல்லீங்க" என்றான்.

இதற்கு மேல் விவாதம் வரும் என்று பயந்தான். வரவில்லை. "அப்ப விசாரணை முடிஞ்சுதுங்களா?" என்று மட்டும் கேட்டார் சென்னிமலை. முடிந்தது என்றான். எங்களுக்கும் முடிந்தது என்று அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

அருள்குமார் காருக்கு ஓடினான். சாவியைத் திருகுவதற்குள் முன்கதவைத் திறந்து சென்னிமலை பக்கத்தில் உட்கார்ந்தார். மாசாணியம்மாள் பின்சீட்டில் ஏறி, தொங்கிக்கொண்டிருந்த புதுச் சட்டை கசங்காமல் நகர்த்தி வைத்தாள்.

அவனுக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. "ஏனுங்க, நான் அவசரமா காரமடை போகோணுங்க. நேரத்துக்குப் போகலீனா என் கல்யாணமே நின்னுபோயிருமுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

சென்னிமலை சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"மெதுவாவே ஓட்டுங்க மாப்பிள்ளை, பொண்ணுக்குத் தாய்மாமன் நானுங்க."