மரத்தில் ஒட்டியிருந்த முகம்

"ஆக்சல், இங்க ஓடி வா! உன் சிநேகிதன் மரத்துல ஒட்டியிருக்கான்!"

கிர்ஸ்டன் போட்ட சத்தத்தில், எதிரே ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டிருந்த ஆக்சல் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார்.

சந்தேகமே இல்லை. அதே அடர்ந்த மீசை, அதே இடுங்கிய கண்கள். மரத்தில் ஒட்டியிருந்த தாளிலிருந்து லூபென் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே நாலைந்து வரி பல்கேரிய எழுத்து. அதில் ஒன்றைக்கூட இவர்களால் படிக்க முடியவில்லை.

எங்கள் சோஃபியா நகரைச் சுற்றிப் பார்க்க டென்மார்க்கிலிருந்து வந்த தம்பதி இவர்கள். தங்கியிருப்பது லூபென் வீட்டு மாடி அறையில். அவரைப் படத்தில் பார்த்ததோடு சரி, நேரில் பார்த்ததில்லை. அறைக்கு முன்பதிவு செய்யப்போய், கைபேசியிலேயே மாதக்கணக்கில் வளர்ந்த சிநேகம். ஆக்சலுக்கும் அவருக்கும் ஒரே பைத்தியம், தக்காளி வளர்ப்பது.

"எங்க ஊர் வழக்கப்படி வரவேற்க ஸ்டேஷனுக்கு நானே ரொட்டியும் உப்பும் எடுத்துட்டு வந்து நிப்பேன். விதோஷா மலையடிவாரத்துல என் தோட்டத்தைக் காட்டாம உங்களை அனுப்ப மாட்டேன்" என்று எழுதியிருந்தார் லூபென்.

ரோமுக்குத்தான் போகவேண்டும் என்று நின்ற கிர்ஸ்டனை, இந்த வாக்கை நம்பித்தான் ஆக்சல் இங்கே இழுத்துவந்தார்.

வந்து இறங்கினால், ஸ்டேஷனில் நின்றது லூபென் இல்லை. அவர் மனைவி ராட்கா. கையில் ரொட்டி இருந்தது, உப்பு இருந்தது. முகத்தில்தான் சிரிப்பு இல்லை.

"லூபென் வரலையா?" என்று ஆக்சல் தனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் கேட்டார்.

"வெளியூர் போயிருக்கார்" என்றாள் அவளும் அரைகுறை ஜெர்மனில்.

அன்று சாயங்காலம் சர்க்கரை போட்ட வேகவைத்த கோதுமையை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். மறுநாள் முதல் காலையில் பாலாடைக்கட்டி வைத்த பனீட்சா பலகாரம் சுடச்சுட வந்தது. தட்டு நிறையத் தக்காளியும் வந்தது. சிரிப்பு மட்டும் வரவே இல்லை.

"அடுத்த மரத்துலயும் இருக்கான். டிராம் நிக்கிற இடத்துலயும் இருக்கான்" என்றாள் கிர்ஸ்டன், தெருவைச் சுற்றிப் பார்த்து.

ஆக்சல் நெற்றியைச் சுருக்கினார். "புரிஞ்சு போச்சு. தேர்தல்ல நிக்கிறான்!"

அவர் மேல் தப்பில்லை. அவர்கள் ஊரில் விளக்குக் கம்பத்தில் ஒரு முகம் தொங்கினால் அது தேர்தலுக்குத்தான்.

"அப்ப பக்கத்துத் தாள்ல இருக்கற இந்தக் கிழவி யாரு?"

"எதிர்க்கட்சி."

"கறுப்பு வெள்ளையில போட்டிருக்காங்களே?"

"சின்னக் கட்சியா இருக்கும். எனக்கென்ன தெரியும்!"

கிர்ஸ்டனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ரோமுக்குப் போயிருந்தா போப்பாவது ஜன்னல்ல வந்து கையசைச்சிருப்பார். உன் ஆளு மரத்துலதான் காட்சி குடுக்கறான்."

ஆக்சலுக்கு முகம் சிவந்தது. "ஊர்லயே இருந்துக்கிட்டு ஓட்டுக் கேட்டு அலையறான். பொண்டாட்டி வெளியூர்னு புளுகறா. நான் இளிச்சவாயனா?"

"எனக்கும் ஒண்ணும் புரியல, ஆக்சல். அத்தனை ஆசையா எழுதினவன் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"அதை அவகிட்டயே கேட்கறேன்."

சொன்னவர் மரத்திலிருந்து தாளை வெடுக்கென்று உரித்துக்கொண்டு நடந்தார். கிர்ஸ்டன் தடுத்துப் பார்த்தாள். அவர் காதில் விழவில்லை.

வீட்டு வாசற்கதவிலும் அதே முகம். கதவு எப்போதும் திறந்தே கிடந்ததால் இதுவரை கண்ணில் படவில்லை. ராட்கா மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆக்சல் தாளை அவள் முன்னால் நீட்டினார். "வெளியூர்னு சொன்னீங்களே, இது யாரு? ஊர் பூரா ஓட்டுக் கேட்க நேரம் இருக்கு, எங்களை வந்து பார்க்க அஞ்சு நிமிஷம் இல்லையா? நாங்க ஹோட்டலுக்குப் போறோம். தேர்தல்ல ஜெயிச்சா நாங்க வாழ்த்தினோம்னு சொல்லுங்க!"

ராட்கா ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தாள். "என்ன தேர்தல்?"

"பின்ன இதெல்லாம் எதுக்கு ஒட்டியிருக்கு?"

அவள் தாளை வாங்கினாள். கிழிந்திருந்த மூலையை விரலால் நீவிவிட்டாள்.

"இங்க செத்துப்போனவங்களுக்கு இப்படித்தான் ஒட்டுவோம்."

ஆக்சலின் கை நீட்டியபடியே நின்றுவிட்டது.

"எப்போ?" என்றாள் கிர்ஸ்டன்.

"நீங்க வந்த அன்னிக்குக் காலையிலதான் அடக்கம் பண்ணினோம். அங்கேருந்து நேரா ஸ்டேஷனுக்கு வந்துட்டேன். அந்தக் கோதுமை அவர் பேருக்குக் குடுத்தது. நீங்க எங்க எழுத்தைப் படிக்கத் தெரியாதவங்க, அதனால உங்களுக்குத் தெரிய வராதுன்னு நினைச்சேன்."

"ஐயோ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நாங்க வேற இடம் பார்த்துக்கிட்டிருப்போமே!"

"அவர்தான் சொல்லக்கூடாதுன்னுட்டார். ஆஸ்பத்திரியில கடைசியாப் பேசினது உங்களைப் பத்தித்தான். 'அவங்க ஊர் பார்க்க வர்றாங்க, துக்கம் கேட்க இல்ல. நான் சொன்னதையெல்லாம் நீ செஞ்சுடு'ன்னார். ரொட்டி கொண்டுவந்தேன். தோட்டத்துக்குப் போய்த் தக்காளி பறிச்சுட்டு வந்தேன். நாளைக்கு உங்களை அங்க கூட்டிட்டுப் போகணும்னு வண்டிக்குக்கூடச் சொல்லியிருக்கேன்."

ஆக்சல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ராட்கா கையிலிருந்த முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

"சிரிச்ச முகமா அழைச்சுட்டு வரணும்னும் சொல்லியிருந்தார். அது ஒண்ணுதான் என்னால முடியல. மன்னிச்சுக்குங்க."