கழுத்துப் புண்

மாட்டை ஏரில் பூட்டியிருக்கிறான். தாண்டவராயனுக்கு அதில் துளியும் சந்தேகமில்லை. கொல்லை முழுவதும் புதிதாக உழுது கிடந்தது.

மண் பரிசோதனைக்கு மண் எடுக்கத்தான் விவசாய அதிகாரியான அவர் போளூரிலிருந்து மலையேறி வந்திருந்தார். இப்போது மண்ணை விட்டுவிட்டுக் கொல்லைக்காரன் ரங்கனைப் பிடித்துக்கொண்டார்.

"போன மாசம் வந்தப்போ என்ன சொன்னேன்? சர்க்கார் குடுத்த மாட்டுக்குக் கழுத்துல புண்ணு, நுகத்தடி வைக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

சொன்னது உண்மைதான். ஊரையே பலா மரத்தடியில் உட்காரவைத்து, வாயில்லா ஜீவனின் வேதனையைப் பற்றி அவர் பேசிய பேச்சில் அவருக்கே கண் கலங்கிவிட்டது. கேட்டவர்களுக்குக் கால்தான் மரத்துப்போனது.

"வைக்கலீங்க," என்றான் ரங்கன்.

"வைக்காம கொல்லை தானா உழுதுக்கிச்சா? மாட்டை இன்னைக்கே கீழே ஓட்டிக்கிட்டுப் போறேன். உனக்கெல்லாம் எதுக்குய்யா மாடு?"

"மழை பேஞ்சிச்சி சார். ஈரம் காயறதுக்குள்ள சாமை வெதைக்காட்டி வருசம் முச்சூடும் இன்னாத்த துன்றது? இந்த மாடும் போய்ட்டா நாங்க செத்தோம்."

ரங்கனின் மனைவி மாதம்மாள் உச்சி வெயிலிலும் முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்தியபடி நின்றாள். "வந்தமா, மண்ண அள்னமான்னு போறதுக்கு இன்னா கேடு?" என்றாள் காதில் விழும்படியாகவே.

"நீ வாயை மூடும்மா!"

அதிகாரி மாட்டின் கழுத்தைத் தடவினார். புண் ஆறி, புது மயிர்கூட முளைத்திருந்தது. அவருக்குப் பெருத்த ஏமாற்றம்.

"ஏருக்கு ரெண்டு மாடு வேணும். ஒரு பக்கம் உன் சொந்த மாடு. இன்னொரு பக்கம் யார் மாட்டைய்யா இரவல் வாங்கின? பக்கத்துக் கொல்லைக்காரனுதா?"

"தீர்த்தகிரியா? அவன் எனக்குத் தண்ணி கூடத் தரமாட்டான் சார்."

தாண்டவராயன் விடவில்லை. சுவரில் சாய்த்திருந்த நுகத்தடியை இழுத்துப் புரட்டினார். ஒரு முனையில் ரத்தம். இன்னும் சரியாகக் காயவில்லை.

"சிக்கினியா!" மலைக்கே கேட்கும்படி கத்தினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பாவி, பொய்யா சொல்ற? வலிக்குதுன்னு சொல்லக்கூட அதுக்கு வாயில்லையேய்யா! கேஸ் போடாம விடமாட்டேன். சொல்லு, இது எந்த மாட்டோட ரத்தம்?"

ரங்கன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். மாதம்மாள்தான் தோளிலிருந்து முந்தானையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என்னுது சார்."