சர்க்கரை எத்தனை கரண்டி?

"எலுமிச்சையை எப்படி வெட்டணும் அத்தை?"

போனில் வந்த குரலை நம்ப முடியாமல் ஜுல்மிரா அடுப்பை அணைத்தாள். மருமகள் தயானி. ஐந்து வருடம் கழித்துக் கூப்பிடுகிறாள், சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை.

"எதுக்கு எலுமிச்சை?"

"கைப்பிரோஷ்கா கலக்கத்தான். இன்னிக்கு வீட்டுல இறைச்சி சுடறோம், நாலு பேர் சாப்பிட வர்றாங்க. உங்க கைப்பக்குவம் இங்க யாருக்கும் வரல."

குத்திக் காட்டுகிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று ஜுல்மிராவுக்குப் புரியவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்பும் இப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புது மருமகள் எலுமிச்சையும் வோட்காவுமாக ஆசையாகக் கலந்து நீட்டிய கைப்பிரோஷ்கா டம்ளரை வாங்கி ஜுல்மிரா ஒரு வாய் குடித்தாள். குடிக்கும் முன் புனிதருக்கென்று தரையில் ஒரு சொட்டு விடுவது அந்த ஊரில் வழக்கம். ஜுல்மிரா டம்ளரையே கவிழ்த்துவிட்டாள்.

"முழுசையும் புனிதரே குடிக்கட்டும். அவருக்குத்தான் பொறுமை ஜாஸ்தி."

விருந்துக்கு வந்திருந்த கூட்டம் சிரித்தது. மகன் ஆடில்சன் சிரிக்கவில்லை. பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு போனவன் போனவன்தான். அதன்பின் எத்தனை முறை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. நாக்கில் சனி இருந்தால் யார் என்ன செய்ய முடியும்? அவன் 'அம்மா' என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும் என்று அவள் ஏங்காத நாளில்லை.

"அவன் பக்கத்துல இருக்கானா?"

"ஐஸ் வாங்கப் போயிருக்கார். நான் உங்ககிட்ட பேசறது தெரிஞ்சா வம்பு."

ஜுல்மிரா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, கேட்டுக்கோ. ரெண்டு முனையையும் நறுக்கிட்டு, நீளவாக்குல நாலா வெட்டு. நடுவுல வெள்ளையா நரம்பு மாதிரி இருக்கும். அதை எடுத்துடணும், இல்லேன்னா கசக்கும்."

"நாலா வெட்டணும். வெள்ளையை எடுக்கணும்" என்று தயானி சத்தமாகத் திருப்பிச் சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருந்தது.

"டம்ளர்ல தோல் அடியில இருக்கற மாதிரி போடு. மேல சர்க்கரை ரெண்டு கரண்டி. உன் புருஷனுக்கு மட்டும் மூணு."

"மூணா? ஏற்கெனவே தொப்பை போட்டுட்டார்."

"போடட்டும், போடட்டும். எலும்பும் தோலுமா இருந்தவன்தானே." மகனுக்குத் தொப்பை விழுந்தது கூடத் தெரியாத தாய்.

மறுமுனையில் மரக்கட்டையால் டங் டங்கென்று இடிக்கும் சத்தம் கேட்டது.

"அடியே, மெதுவா. தோல் நசுங்கினா கசப்பு இறங்கிடும். மாவு இடிக்கற மாதிரி இடிக்க யார் சொல்லிக்கொடுத்தா உனக்கு?"

"உங்க பிள்ளைதான்."

"அவனுக்கு எல்லாத்துலயும் அவசரம். ஏழாம் மாசமே பொறந்தவனாச்சே."

இடி சட்டென்று நின்றது. பிறகு பூப்போலத் தொடர்ந்தது. சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்தான் என்று நினைத்துக்கொண்டாள். இவளைப் போய்ப் படுத்தினோமே.

"தயானி."

"சொல்லுங்க அத்தை."

"அன்னிக்கு நீ கலந்தது நல்லாத்தான் இருந்துச்சு. என்னோடதைவிட நல்லா இருந்துச்சு. என் பிள்ளை உன்கிட்ட ரெண்டாவது டம்ளர் கேட்டான் பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல. என்னை மன்னிச்சிடும்மா."

ஐஸ் விழும் சத்தம் கேட்டது. வோட்கா ஊற்றும் சத்தமும், கரண்டி சுற்றும் சத்தமும் கேட்டன. ஐஸ் வாங்கப் போனவன் இன்னும் வரவில்லையே, இது எங்கிருந்து வந்த ஐஸ் என்று யோசிக்கும் நிலையில் ஜுல்மிரா இல்லை. முந்தானை இல்லாத ஊர், கை துடைக்கும் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"குடிச்சுப் பார்த்தியா? எப்படி இருக்கு?"

கரண்டிச் சத்தம் நின்றது.

"உன்னைத்தான் கேட்கறேன். நல்லா இருக்கா?"

"எனக்கென்ன தெரியும் அத்தை?" என்றாள் தயானி. "நான் ஆரம்பத்துல இருந்து போனைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்."

அவளுக்குப் பின்னாலிருந்து யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"மூணு கரண்டி கொஞ்சம் அதிகம், அம்மா" என்றான் ஆடில்சன்.