தாளில் இல்லாத வசனம்

"பதினோரு நாடகமும் கிடைச்சிடுச்சு சார்!" ஆவணக் காப்பகத்துப் பெண் காகிதக் கட்டைப் பிரித்தாள்.

கிழவர் மகாராணிக்குக் கண் கலங்கியது. அவர் நடித்த குழு, ஆணை ஆண் காதலிக்கும் கதைகளைத் துணிந்து மேடையேற்றியது. மாட்டினால் ஜெயில் என்பதால், நாடகம் முடிந்த கையோடு வசனத் தாள்களைக் கொளுத்திவிடுவார்கள். அவருக்கு மிஞ்சியது ராணி வேஷம் தந்த பட்டப்பெயரும், படுதாவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்த பிராம்ப்டரும்தான். முப்பது வருஷமாக இருவரும் ஒரே குடித்தனம். பிராம்ப்டர் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தார்.

"எந்தப் புண்ணியவான்மா எழுதி வச்சான்?"

"போலீஸுக்கு உளவு சொன்ன ஆள் சார். பேர் இல்லை. பழைய ஃபைலை இப்பதான் வெளியே விட்டாங்க."

"அந்தப் படுபாவியாலதானே நாலு பேர் உள்ளே போனாங்க! ஆனா பாரேன், ஒரு இருமலைக்கூட விடலை."

சிரித்தபடி புரட்டியவர், ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்.

"'கிரீடத்தைக் கழட்டிட்டு வாங்க ராஜா, கன்னத்துல குத்துது.' இதை நான் மேடையில பேசவே இல்லையேம்மா."

"தாளைப் பார்த்து எழுதியிருப்பானோ?"

"தாள்லயே கிடையாது. அன்னிக்கு வசனம் மறந்து திருதிருன்னு முழிச்சேன். உள்ளே இருக்காரே, அவராவே இட்டுக்கட்டி என் காதுக்கு மட்டும் சொன்னார். சிரிப்பு வந்து பேசாம விட்டுட்டேன். அது எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான்..."

அவர் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

டீயோடு வந்த பிராம்ப்டரின் கண் அந்தத் தாளில் விழுந்தது. தட்டை வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தை மூடினார்.

மகாராணி வாயைத் திறந்தார். ஒரு வார்த்தைகூட வரவில்லை.

பிராம்ப்டர் எடுத்துக்கொடுக்கவும் இல்லை.