ஒத்துப்போன கோடுகள்

இருவரும் சேர்ந்து வடிவமைத்த புது விமானம் ஓடுபாதைக்கு வந்தபிறகுதான் அவள் தன் கணவனிடம் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, மனசு உறுத்துது. என் புதுக் கணக்குப்படி, மெதுவா போகும்போது புரொப்பெல்லர் காத்தைப் பிடிக்காம உந்துவிசை பாதியாயிடுது. நீங்க சோதனைக்கூடத்துல அளந்தது நல்லா இருந்துச்சேன்னு, வரைபடத்துல உங்க கோட்டோட என் கோடும் ஒத்துப்போற மாதிரி கணக்கை மாத்திட்டேன்."

அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

"அந்த வேகத்துல சோதனை மேடையே ஆடுச்சு. அளக்கவே முடியல."

"அப்போ அந்த எண்கள்?"

"உன் கணக்கு என்னைக்குத் தப்பாச்சுன்னு, உன்னோட பழைய அறிக்கையைப் பார்த்து எழுதிட்டேன்."

அவள் பதறிப்போய் ரேடியோவை எடுப்பதற்குள் விமானியின் குரல் வந்தது.

"அக்கா, நீயும் மாமாவும் தனித்தனியா பார்த்து ஒரே முடிவு வந்திருக்கே, எனக்கென்ன பயம்? இதோ, கிளம்பிட்டேன்!"