ஏழு கிலோ

என் மனைவி ருக்குமணியின் பை கதவு நிலையில் மாட்டிய தராசில் தொங்கியது. முள் எட்டில் நின்றது.

"எட்டு," என்றேன்.

"அப்ப சரி," என்று பையைக் கழற்ற வந்தாள் அவள்.

மறுநாள் காலை பஸ், சாயங்காலம் விமானம். மலிவு டிக்கெட் என்பதால் கையோடு ஏழு கிலோதான் கொண்டுபோகலாம். ஒரு கிலோ கூடினாலும் அவர்கள் கேட்கிற கட்டணம் டிக்கெட் விலைக்கே வந்துவிடும். அதைக் கட்டினால் அங்கே போய்ப் பட்டினிதான் கிடக்க வேண்டும்.

"என்னா சரி? ஏழுதானே விடுவான்?"

"பைக்கு ஒரு கிலோ கழிப்பாங்கல்ல. கூடைக்குக் கழிக்கிற மாதிரி."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஆறு மாதமாக இந்தப் பயண ஏற்பாட்டில் இவள் ஒரு தப்பாவது செய்வாளா என்று காத்திருந்தவன் நான்.

அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. அந்தக் காலத்தில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள், இப்போது பக்கத்து ஊர் திரிங்காப்பில் ஒரு பூக்கொட்டகையில் செவ்வந்தி கட்டுகிறாள். ஈப்போவைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. கூட வேலை செய்யும் இந்தோனேசியக்காரப் பெண் போனில் தன் நாட்டுத் தோபா ஏரியைக் காட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். அன்றைக்கே வீட்டுக்கு வந்து, தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வரப்போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

பாஸ்போர்ட்டை அவளே போய் எடுத்தாள். அந்த ஏரிக்குப் போக இறங்க வேண்டிய மேடானுக்கு டிக்கெட் விலை இறங்குகிற வாரத்துக்காக நாலு மாதம் பொறுத்திருந்தாள். நம் மலாய் அங்கே செல்லும், வழி கேட்க ஆள் வைக்க வேண்டாம் என்று அந்த ஊரைப் பிடித்ததற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். மேடானிலிருந்து ஏரிக்கு ஆள் சேர்த்துப் போகிற வேன். ஆறு பெண்கள் படுக்கிற அறையில் ஒரு கட்டில்.

இன்னொன்றையும் கேளுங்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்கு பஸ் ஏறிப் போய், தெரியாத தெருவில் நுழைந்து, வழி விசாரித்து வீடு வந்து சேர்ந்தாள். எதற்கு என்றால், தொலைந்து பழகுகிறாளாம். இப்படி ஒரு பெண்பிள்ளையை நான் பார்த்ததில்லை.

ஏன் தனியாகப் போகிறாய், என்னையும் கூட்டிக்கொண்டு போயேன் என்று நான் கேட்காத நாளில்லை. ரெண்டு பேருக்குக் காசு பத்தாது என்பாள். என்னிடம் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

"ஏர்போர்ட்ல கழிவெல்லாம் கெடையாது லா, ருக்கு. தராசு காட்டுறதுதான் கணக்கு."

அவள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்தத் தராசும் கொஞ்சம் கழிக்கும்னுல்ல நெனச்சிருந்தேன்."

கழிவைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அவள் கொழுந்து பறித்த தோட்டத்திலேயே இருபத்திரண்டு வருடம் கங்காணியாக இருந்தவன். சாயங்கால நிறுவையில் முள்ளைப் பார்த்து, கூடையின் எடையைக் கழித்து நான் சொல்வதைத்தான் கணக்கெழுதுகிற கிராணி பதிவார். அந்த எடைக்குத்தான் கூலி. இந்தத் தராசே தோட்டத்தில் தூக்கிப்போட்டபோது நான் கேட்டு வாங்கி வந்ததுதான். பெண்டாட்டி கூடைக்குக்கூடச் சலுகை காட்டாதவன் மாடசாமி கங்காணி என்று லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சு. தோட்டத்து மேனேஜர் துரையே ஒருமுறை என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ருக்குமணி தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். துண்டை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டாள். மாற்றுச் செருப்பை வெளியே வைத்தாள். நான் கட்டாயப்படுத்தி வைத்த சம்பால் போத்தலையும் வைத்தாள். பிறகு பையைத் தோளில் போட்டு, கூடையோடு சரிவில் நிற்கிறவள் மாதிரி உடம்பை ஒருமுறை குலுக்கிக்கொண்டாள்.

யோசித்து, சோப்புக்கட்டி ஒன்றையும் எடுத்து வெளியே வைத்தாள்.

"இப்ப ஏழு."

"மாட்டு, பார்ப்போம்."

மாட்டினாள். முள் ஏழில் நின்றது. மயிரிழைகூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்லை.

அசந்துபோனேன். அத்தனை வருடம் முள்ளைப் பார்த்த எனக்கே இந்தக் கணக்கு வராது. வந்த பெருமையில் அக்கம்பக்கத்து ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டலாம் போலிருந்தது.

"ஒனக்குத் தராசே வேணாம் போலயே. எப்பருந்து இந்த வித்தை?"

"கூடை தூக்குன நாள்லருந்து." அவள் பையைக் கழற்றி ஜிப்பை இழுத்து மூடினாள். "தோளுக்குத் தெரியாதாங்க?"

குரலில் ஒன்றும் இல்லை. சம்பால் போத்தலை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் காலித் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொழுந்துக் கூடை ஒன்றரை கிலோ. என்னைக் கழிக்கச் சொன்னதும் ஒன்றரைதான். தோட்டத்துக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்துத் துரையிடம் நல்ல பேர் வாங்க நான் கழித்தது மூன்று. யார் கேட்டாலும் ஈரக் கொழுந்து என்று சொல்லிவிடுவேன்.

அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் கூடையை என் முன்னால் இறக்கிவைப்பாள், நான் சொல்கிற எண்ணுக்குத் தலையாட்டிவிட்டு நகர்வாள். பிறகு வீட்டுக்கு வந்து எனக்குத் தேத்தண்ணி கலக்குவாள். எல்லாம் தெரிந்துதான் செய்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை தானா ராத்தா பஸ் நிலையத்துக்குக் கூடப் போனேன். பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவளே தோளில் மாட்டிக்கொண்டு படியேறினாள்.

ஏன் தனியாகப் போகிறாய் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.