தெற்கு மூலையில் பச்சை

தண்ணீரை மிச்சம் பிடிக்க நிலத்தைத் தரிசாகப் போட்டு வைத்தால் அரசாங்கம் மாதாமாதம் மானியம் கொடுத்தது. இருளாயி வீட்டில் நான்கு வருஷமாக அடுப்பு எரிவது அந்தப் பணத்தில்தான். யாராவது திருட்டுத்தனமாக விதைக்கிறார்களா என்று செயற்கைக்கோள் தினமும் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

புருஷன் இறந்த பன்னிரண்டாம் நாள் போன் வந்தது.

"உங்கள் நிலத்தின் தெற்கு மூலையில் ஆறடிக்கு மூன்றடி பயிர் உள்ளது. நாளைக்குள் அகற்றாவிட்டால் மானியம் நின்றுவிடும்," என்றது இயந்திரக் குரல்.

இருளாயிக்குச் சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது. மூன்றாம் நாள் குழிமேட்டில் பால் ஊற்றி, வழக்கப்படி நவதானியம் தூவியிருந்தார்கள். பிறகு ஒரு மழை பெய்தது.

"அது வெள்ளாமை இல்லய்யா. எங்க வீட்டுக்காரரப் பொதைச்ச எடம்."

"பயிரின் பெயரைச் சொல்லவும்."

முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் ஒருதரம்கூட வாயால் சொல்லாத பெயர்.

"சேவுகன்," என்றாள்.

"அந்தப் பெயர் பட்டியலில் இல்லை. அகற்றவும்."

இருளாயி போனை அணைத்தாள். மழை விட்டு ஐந்து நாளாகிறது, முளையெல்லாம் வாடியிருக்கும். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குக் கிளம்பினாள்.